பாறையை மட்டும்தான் பார்க்கிறதா?
"தங்கம் தேடும் ட்ரோன் பாறையைத்தான் பார்க்கும், மனிதர்களைப் பார்க்காது" என்று தங்கம் தேடும் ட்ரோன்களைப் பற்றி வந்த ஒரு கட்டுரையில் இருப்பதை நீலகிரியின் தேவாலாவில் வளர்ந்த என்னால் ஏற்க முடியவில்லை. 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கத்துக்காகக் குடைந்த சுரங்கங்கள் இங்கே காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் இன்னும் வாய் பிளந்து கிடக்கின்றன, அதனால் தங்கம் தேடி வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் பக்கத்துத் தங்கம் வெள்ளைக் கல்லுக்குள் பொடியாக இருப்பது, மேலிருந்து எந்தக் கேமராவுக்கும் தெரியாது. காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி கட்டிய ட்ரோன்கூட தங்கத்தைக் காட்டாது, பாறையின் அமைப்பு மாறுகிற இடத்தைத்தான் காட்டும், அதுவும் தாழப் பறந்தால்தான் துல்லியமாக வரும். தாழ என்றால் எங்கள் கூரைக்கு மேலே! போன மாசியில் அத்தை ஓடையில் குளித்துக்கொண்டிருந்தபோது ஒன்று வந்து தலைக்கு மேல் நின்றது, ஈரப் பாவாடையை மார்போடு பிடித்துக்கொண்டு புதருக்குள் போய் உட்கார்ந்தவர் சத்தம் அடங்குகிறவரை எழவே இல்லை. யார் விட்டது, படம் யாரிடம் இருக்கிறது, இன்றுவரை தெரியாது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 2021 ட்ரோன் விதிகள் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். சரி, இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் பதிவு எண், ஓட்டுகிறவரின் சான்றிதழ், பறக்கும் உயரம் பற்றித்தான் பேசுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லிவிட்டது, அது ஓடைக்கரைக்கும் சேர்த்துத்தானே? முந்தின நாள் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளில் வந்து இத்தனை மணிக்குப் பறக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை விடியற்காலையிலேயே குளித்துவிட்டு வந்திருப்பார்.