ஆயிரத்துக்கு எவ்வளவு?

வீட்டிலிருந்தே வேலை என்பது கொரோனா கொண்டுவந்த புதுமை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். குடியாத்தத்தில் என் அம்மா முப்பது ஆண்டுகள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றினார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஏஜெண்ட் கழித்துப் போட்டவற்றுக்குக் காசு கிடையாது.

அதே அறையில் உட்கார்ந்துதான் நான் இன்று வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் வலைத்தளங்கள் செய்து தருகிறேன். தமிழ்வழியில் படித்தவள். காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், நேர்காணலில் ஆங்கிலம் தொண்டையில் சிக்கித் திரும்பி வந்தவள். எனக்கு வழிவிட்டது மொழிபெயர்ப்புதான்: வேர்ட்பிரஸ் திரையில் காட்டும் ஆங்கில வரிகளைக் கூலியில்லாமல் தமிழாக்குவது. ஆங்கிலத்தில் எழுதியவரின் பெயருக்கு முன்னால் ‘by’ என்ற சிறு சொல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், பெயரை மென்பொருள் பிறகு நிரப்பிக்கொள்ளும்; தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்ட வேண்டும், வரப்போகும் பெயர் எதில் முடியும் என்று யாருக்குத் தெரியும்? ‘எழுதியவர்’ என்று போட்டுத் தப்பித்தேன். இப்படி ஒவ்வொரு வரியாக அனுப்ப, பொறுப்பாசிரியர் ஒருவர் பார்த்து ஏற்பார், அல்லது கழிப்பார். நன்றிப் பக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் வரிசையில் என் பெயர் வந்தபோது அம்மாவிடம் காட்டினேன்.

“இதற்கு ஆயிரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?” என்று கேட்டார்.

அன்று சிரித்தேன். இப்போது அதைவிடச் சரியான கேள்வி எனக்குத் தோன்றவில்லை. வேர்ட்பிரஸ் 2003இல் தொடங்கிய மென்பொருள். இன்று உலகின் வலைத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. இதனால் பிழைக்கும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் 5 விழுக்காட்டினரை இதன் வேலைக்கே ஒதுக்கட்டும் என்று 2014இல் வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் அப்படி ஒதுக்கப்பட்டவர் சம்பளத்தோடு பங்களிக்கிறார். நான் பாத்திரம் கழுவிய பிறகு பங்களிக்கிறேன். யார் என்ன பங்களித்தார் என்று காட்டும் பக்கத்தை வேலை தருபவர் பார்க்கும்போது அவர் பக்கம் நிறைந்திருக்கிறது, என் பக்கம் இளைத்திருக்கிறது. எல்லோருக்கும் திறந்த கதவாம்! ஓய்வு நேரம் இருப்பவர் முதலில் நுழைகிறார்.

2020 டிசம்பரில் வேர்ட்பிரஸின் 5.6 பதிப்பை, பெண்களும் ஆண்–பெண் என்ற இரண்டில் அடங்காதவர்களும் மட்டுமே கொண்ட குழு வெளியிட்டது. பெருமையாக இருந்தது. ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் எழுத்தில் நடப்பதால் என் உச்சரிப்பு யார் காதிலும் விழுவதில்லை. அகராதி பக்கத்திலேயே இருக்கும். நேர்காணல் அறை தராத மரியாதை அது. ஆனால் 2018இல், பக்கங்களை எழுதி அமைக்கும் கருவியான தொகுப்பியைப் புதிதாகக் கொண்டுவரும் அவசரத்தில், கண் தெரியாதவர்களுக்கும் விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் அது பயன்படுமா என்பது பின்னால் தள்ளப்பட்டது. இதைக் கவனிக்கும் அணுகல்தன்மைக் குழுவை வழிநடத்திய ரியான் ரீட்வெல்ட் பதவி விலகினார். பிறகு எவ்வளவோ சரிசெய்தார்கள் என்றாலும், பந்தி முடிந்த பிறகு இலை போட்டதை எப்படி உபசரிப்பு என்பது?

இப்போது செயற்கை நுண்ணறிவு. வேலை போய்விடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். என் கவலை வேறு. படிவம் ஒன்று சேர்ப்பது, நிறம் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளில்தான் நான் கற்றுக்கொண்டேன். அவற்றை இயந்திரம் நொடியில் முடித்துவிட்டால், ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ இருந்து வரும் அடுத்த பெண் எந்தப் படியில் கால் வைப்பாள்? கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாய்விட்டுப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் தமிழ்ப் பக்கத்தை எங்கே குழப்புகிறது என்று கேட்டுப் பார்ப்பது, இயந்திரம் தந்த மொழிபெயர்ப்பில் ‘நீ’யும் ‘நீங்கள்’உம் கலந்து கிடப்பதைத் திருத்துவது, இவை இன்னும் மனிதக் காதும் கண்ணும் கேட்கும் வேலைகள். இவற்றை இனியும் சேவை என்று சொல்லி இலவசமாக வாங்கக் கூடாது. இதனால் சம்பாதிக்கும் நிறுவனங்கள் இவற்றுக்குக் கூலி நிர்ணயிக்கட்டும்.

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் நான்கைந்து பெண்களுக்கு மொழிபெயர்ப்புச் சொல்லித்தர இருக்கிறேன், தமிழிலேயே. மடிக்கணினி இரண்டுதான் இருக்கிறது, இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். ஐந்து மணிக்கு முடித்துவிடுவேன், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.