எத்தனை விரல் அசையும்?

செயற்கைக் கை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நாங்களும் கேட்டோம். இன்று என்னிடம் யோசனை கேட்டால், அந்தக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள் என்பேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பா மகனுக்கு, தகடு ஓட்டும் மெஷினில் சிக்கி வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. அண்ணி நகையை அடகு வைத்து, ஐந்து விரலும் தனித்தனியாக மடங்கும் கை வாங்கினோம். 2007-ல் ஸ்காட்லாந்தின் டச் பயோனிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஐ-லிம்ப் மாதிரியான வகை. விரலுக்கு ஒரு மோட்டார். மிச்சமிருக்கும் முன்கையில் தசையை இறுக்கும்போது தோலின்மேல் கிடைக்கும் நுண்ணிய மின்சாரத்தை, சாக்கெட்டுக்குள், அதாவது முன்கையில் மாட்டும் கூட்டுக்குள், இருக்கும் மின்முனைகள் சிக்னலாகப் பிடிக்கும்; அந்தச் சிக்னல்படி பேட்டரி மோட்டாரை ஓட்டும். உள்பக்கத் தசையை இறுக்கினால் கை மூடும், வெளிப்பக்கத்தை இறுக்கினால் திறக்கும். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் பிடி மாறும், முழுக் கைப் பிடியிலிருந்து இரண்டு விரல் பிடிக்கு என்பது போல.

அந்தப் பிடி மாற்றத்தில்தான் அண்ணன் தவித்துப் போனார். கொலுசில் மணி கோக்கும்போது ஒரு கை சங்கிலியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கை சாமணத்தால் வளையத்தை மூட வேண்டும். இரண்டு விரலால் பிடிக்க நினைப்பார், முழுக் கையும் மூடிக்கொள்ளும். தொடு உணர்வும் கிடையாது; சங்கிலி நழுவுகிறதா என்று கண் அங்கேயே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சாக்கெட்டுக்குள் வியர்வை கட்டினால் கை தானாகத் திறந்துகொள்ளும். நாலே மாதத்தில் பீரோவுக்குள் போய்விட்டது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அக்காவைப் பார்த்தேன். அவருடையது மூன்று விரல் கை. திருநீறு எடுப்பது போல விரல்கள் சேரும், விலகும், அவ்வளவுதான். ஆனால் பிடித்தால் பிடி. அதில் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் பழம் பறிக்கிறார். மார்கழிக் காலையில் தோல் வறண்டு சிக்னல் கிடைக்காது என்று, மின்முனை படும் இடத்தில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தடவிக்கொண்டுதான் மாட்டுகிறார். கையைத் தலைக்குமேல் தூக்கினால் சாக்கெட் நகர்ந்து பிடி விட்டுவிடுமாம், அதனால் உயரக் கிளைக்கு அதை நம்புவதில்லை. மழை வந்தால் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவார்.

ஐந்து விரல் கை வீண் என்று சொல்ல வரவில்லை. அஸ்தம்பட்டியில் எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவிக்கு, பிறவியிலேயே இடது முன்கை பாதிதான். அவளுக்கு அந்தக் கைதான் சரி. "முன்னாடி எல்லாரும் பாவமா பார்ப்பாங்கண்ணா, இப்ப எப்படி வேலை செய்யுதுன்னு கேக்கறாங்க" என்றாள். அதற்கு விலை போட நான் யார்?

என் கோபமெல்லாம் அண்ணனுக்குக் கை பொருத்தியவர்கள்மேல். முன்கையின் சுற்றளவை நாலு இடத்தில் அளந்தார்கள். பட்ஜெட் எவ்வளவு என்றார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பயிற்சி என்று கொடுத்தது ஒரே ஒரு மதியம். இப்போது மும்பையில் ரோபோ பயோனிக்ஸ், ஐதராபாத்தில் மேக்கர்ஸ் ஹைவ் என்று நம் நாட்டிலேயே கை செய்கிறார்கள், விலையும் வெளிநாட்டுக் கையைவிடக் குறைவு. நல்லதுதான். ஆனால் எந்த ஊர்க் கையாக இருந்தாலும், பட்டறையில் உட்கார்ந்து ஒரு நாள் வேலை பார்த்துக் காட்டாமல் பணத்தைக் கட்டாதீர்கள்.

போன வாரம் வேறொரு இடத்தில் மூன்று விரல் கைக்கு அளவு கொடுக்கப் போனோம். அண்ணன் பாதி கோத்த கொலுசையும் சாமணத்தையும் பையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார்.