படலம் சுற்றினால் இறைச்சி கெடாதா?

“கிராம்பு எண்ணெய் கலந்த கைட்டோசான் படலத்தில் சுற்றிய இறைச்சிக்குக் குளிர்பதனப் பெட்டியே வேண்டாம், எல்லாக் கிருமியும் செத்துவிடும்” என்றொரு செய்தி சுற்றுகிறது. (கைட்டோசான் என்பது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பொருள்.) பாதி உண்மை, ஆபத்து மறுபாதியில்.

கிராம்பு எண்ணெயின் முக்கிய வேதிப்பொருளான யூஜெனால் பாக்டீரியாவின் செல்சவ்வைச் சிதைப்பது மெய். ஆனால் ஈ.கோலை போன்ற சில பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதல் கவசம். இறைச்சியின் கொழுப்பு எண்ணெயை ஈர்த்துக்கொள்ளும். மிச்சம் காற்றோடு போகும். (அளவைக் கூட்டினால் கிராம்பு நெடிதான் மிஞ்சும்.) ஆக, படலம் கெடுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. குளிர் கட்டாயம்.

உலக சுகாதார அமைப்பின் பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகாட்டுதல்களைப் பாருங்கள்: கெடக்கூடிய உணவை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.