டிம் அடித்தால் அணைய வேண்டும்

திங்கட்கிழமை இரவு, யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிக்கும் நெல்லியடிக்கும் இடையே உள்ள வல்லை வெளியில் நடந்ததைத் திரும்பவும் முழுதாக எழுதப் போவதில்லை. அன்றைய பதிவை வாசித்தவர்களுக்குத் தெரியும்: எதிரே வந்த வாகனத்தின் மேலதிக லைட்டால் எனக்குக் கண் தெரியாமல் போனது, அதே வெளிச்சத்தில் சைக்கிளில் வந்த மேசன் (கட்டட வேலைக்காரர்) ஒருவர் விழுந்தார். இன்று எழுதுவது அதற்கு வந்த பதில்களுக்காக. "வயது போனவர்கள் இரவில் வாகனம் எடுக்காமல் வீட்டில் இருக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே விருப்பம் தெரிவித்தவர்களில், நான் தூக்கி வளர்த்த பிள்ளைகளின் பெயர்களையும் பார்த்தேன். இரண்டு நாட்கள் பேசாமல் இருந்தேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

பாதிப் பேர் தவறாக வாசித்த ஒன்றை முதலில் தெளிவுபடுத்துகிறேன். மேலதிக லைட் பூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. என் காரின் முன் பம்பரிலும் இரண்டு ஸ்பொட் லைட்டுகள் இருக்கின்றன. நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எதிரே ஆள் வரும்போது டிம் அடித்தால், அதாவது தூரத்துக்குப் போகும் ஹை பீமைத் தாழ்த்தினால், அதோடு அந்த லைட்டுகளும் அணைய வேண்டும். அவற்றுக்குத் தனி சுவிட்ச் போட்டு, டிம் அடித்த பிறகும் எரியவிட்டு வருவது எதிரே வருபவரின் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம்.

"மாடு தெரிய வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரிய வேண்டும். இரவில் ஆனையிறவு தாண்டிப் போனவனுக்கு, தெரு நடுவில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்லைட் இல்லாத லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம், தெருவோரத்தில் பழுதாகி நிற்கும் டிப்பர், விளக்கே இல்லாத சைக்கிள் எல்லாம் நம் தெருக்களில் உண்டு. பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டினால் இருட்டைத் தவிர எதுவும் கிடையாது. போதாததற்கு 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 வரை புதிய கார் வரவில்லை. பழைய கார்களையே வைத்து ஓட்டினோம். அவற்றின் ஹெட் லைட் பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளித்து, உள்ளே பல்பு எரிந்தாலும் வெளியே பாதி வெளிச்சம்கூட வருவதில்லை. இந்த நிலையில் ஒருவர் மேலதிக லைட் தேடுவதை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்? ஆனால், முதலில் அந்தப் பிளாஸ்டிக்கைத் தேய்த்துத் துலக்கிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதுமாக இருக்கும்.

சரி, பூட்டத்தான் வேண்டுமென்றால் எதைப் பூட்டுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஃபொக் லைட் வேறு, ஸ்பொட் லைட் வேறு. ஃபொக் லைட் தாழப் பூட்டுவது. அதன் வெளிச்சம் அகலமாக, மேல் விளிம்பு வெட்டியதுபோல் நிலத்தோடு போக வேண்டும். மாசிப் பனி மூசிப் பெய்யும் விடியற்காலையில் தெருவோரத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. ஸ்பொட் லைட் ஒடுங்கிய கற்றையாகத் தூரத்துக்குப் போகும். அது ஹெட் லைட்டின் ஹை பீமுக்குத் துணை. ஹை பீம் இல்லாத நேரத்தில் அதற்கு வேலையே இல்லை. இந்த ஒரு வித்தியாசம் விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும்.

இப்போது எல்லோரும் கூரையிலும் பொனற்றிலும் ஏற்றும் எல்.ஈ.டி பார் என்ற நீண்ட லைட் பட்டை பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் எழுதியிருக்கும் லூமன் (வெளிச்சத்தின் அளவு) கணக்கை நம்பி வாங்காதீர்கள். எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். காருக்கு முன்னால் பத்து மீற்றரைப் பகல்போல் ஆக்கினால் உங்கள் கண்மணி சுருங்கிவிடும். அப்போது தூரத்தில் நிற்கும் மாடு உங்களுக்கே தெரியாது. மழையிலும் பனியிலும் கூரையிலிருந்து போகும் வெள்ளை வெளிச்சம் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

ஹெட் லைட்டுக்குள் ஹலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி செருகுவதும் அப்படித்தான். நம் கார்கள் பலவற்றில் இருக்கும் எச்4 பல்பில் ஹை பீமுக்கு ஓர் இழை, டிம்முக்கு ஓர் இழை; டிம் இழைக்குக் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பது அதுதான். அந்த இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்.ஈ.டி கொஞ்சம் விலகி இருந்தாலே டிம் என்று ஒன்று இல்லாமல் போய்விடும். இணையத்தில் ஹெட் லைட்டை முழுதாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாம் இடப் பக்கம் ஓட்டுகிறோம். நம் டிம் வெளிச்சம் இடப் பக்கத் தெருவோரத்தைக் காட்ட அந்தப் பக்கம் சற்று உயரும். வலப் பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த ஹெட் லைட் வலப் பக்கம் உயரும். அங்கேதான் எதிரே வருபவரின் முகம் இருக்கிறது.

திங்கட்கிழமை வந்த வாகனத்தில் இதில் எது இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு முறை டிம் அடித்துக் காட்டினேன். அவரும் டிம் அடித்தார், அது தெரிந்தது. ஆனால் மேலே இருந்த வெள்ளைப் பட்டை அப்படியே எரிந்தது. தெரு, ஓரம், பாலம், எதுவும் இல்லை, ஒரே வெள்ளை. அறுபதில் போகும் கார் ஒரு வினாடியில் 16 மீற்றருக்கு மேல் போகும். கண் திரும்ப மூன்று வினாடி என்று வைத்தாலும் 50 மீற்றர் குருடாக ஓடியிருப்பேன். நான் உடனே பிரேக்கை மிதித்தேன். கார் நின்றபோது என் இடப் பக்கக் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி அந்த மனிதர் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். நான் அவரில் முட்டவில்லை. அவரும் அந்த வெளிச்சத்தில் தெரு தெரியாமல், வல்லைக் காற்றையும் தாங்க முடியாமல் ஓரத்துக் கல்லில் ஏறி விழுந்திருந்தார். கரியரில் கட்டியிருந்த சாந்தகப்பையும் மட்டப்பலகையும் தெருவில் சிதறிக் கிடந்தன.

வயது போன கண் என்கிறீர்கள். என் கண்வில்லை இருபது வயதில் இருந்ததுபோல் தெளிவாக இல்லை, கூசினால் மீள்வதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். அது உண்மை, நான் மறைக்கவில்லை. அந்த மேசனுக்கு முப்பது வயதும் இருக்காது. அவர் கண்ணுக்கு என்ன குறை? அவரும் வீட்டில் இருக்க வேண்டுமா? அச்சுவேலியில் வேலை முடித்துவிட்டு நெல்லியடிக்குப் பகலிலேயே வந்து சேர அவருக்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

"பஸ்காரர்களிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றவர்களுக்கு: அவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். 2025 தொடக்கத்தில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்னபோது எவ்வளவு கோபப்பட்டோம். பொலிஸ் வந்து கழற்றும்வரை இதை ஏன் வைத்திருக்கிறோம் என்று நம்மை நாமே கேட்கவில்லை.

"அவன் டிம் அடிக்காவிட்டால் நானும் அடிக்கமாட்டேன்" என்பவர்களோடு எனக்குக் கதையில்லை. இரண்டு குருடர்களை ஒரே தெருவில் நேருக்கு நேர் விடுவதில் யாருக்கு என்ன வெற்றி?

என் அப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார். அந்தக் காரில் டிம் சுவிட்ச் ஸ்டியரிங்கில் இல்லை. கிளச்சுக்குப் பக்கத்தில், தரையில், இடது காலால் மிதிக்கும் குமிழ் அது. எதிரே சைக்கிள் வந்தாலும் மிதிப்பார். நடந்து வருபவருக்கும் மிதிப்பார். "எதிரே வருபவரிடம் ஹெட் லைட் இல்லை, நாங்கள்தான் குறைக்க வேண்டும்" என்பார். பிறகு நான் ஜப்பான் கார் எடுத்து அவரிடம் ஓட்டக் கொடுத்தபோது, எதிரே ஆள் வந்தால் கை சுவிட்சுக்குப் போக முன்னர் அவருடைய இடது கால் வெறும் தரையை மிதிக்கும். ஒவ்வொரு முறையும். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

தடை இருந்த அந்த ஆண்டுகளில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டு, நூல்திரி கொளுத்திப் படித்தவர்கள் நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள். திரியை ஒரு பொட்டுக் கூட்டினால் எண்ணெய் தீரும் என்று அம்மா பேசுவார். வெளிச்சத்தின் விலை தெரிந்த ஊர் இது. அந்த ஊரில், கையில் காசும் லைட்டும் வந்தவுடன் அதைச் சைக்கிளில் வரும் கூலிக்காரரின் முகத்தில் எறிகிறோம் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. எரித்தவரைவிட, எரித்ததற்கு நியாயம் சொன்ன நீங்கள்தான் என்னைக் கூடுதலாக நோகடித்தீர்கள்.

நானும் ஒரு காலத்தில் பிழை செய்தேன். முதலில் பூட்டியபோது வயரிங் செய்த பையன் "தனி சுவிட்ச் போடவா அண்ணை?" என்று கேட்டான், தலையாட்டினேன். மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். இயக்கச்சி அருகே ஒரு லொறிக்காரர் எனக்காகத் தெருவை விட்டு இறங்கி, நின்றுவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு அடுத்த நாளே மாற்றினேன்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. 55 வாட்ஸ் லைட் இரண்டு என்றால் 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதை ஸ்டியரிங் சுவிட்சுக்குள்ளால் விட்டால் சுவிட்ச் உருகும். ஆகவே ரிலே ஒன்று வேண்டும்; சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச் அது. பற்றரியிலிருந்து 15 அம்பியர் பியூஸ் ஒன்றினூடாக ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்கு, அங்கிருந்து 87 என்று எழுதிய முனை வழியாக லைட்டுக்கு. ரிலேயை இயக்கும் வயரை ஹை பீம் வயரிலிருந்து எடுக்க வேண்டும். இடையில் சுவிட்ச் வேண்டுமானால் போடலாம், ஆனால் தொடக்கம் ஹை பீமாக இருக்க வேண்டும். அப்போது டிம் அடித்தவுடன் எல்லாம் தானாக அணையும், நீங்கள் மறந்தாலும் அணையும். சில ஜப்பான் கார்களில் சுவிட்ச் எர்த் (பற்றரியின் நெகட்டிவ்) பக்கத்தில் இருக்கும், ஆகையால் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் வயரை வெட்டக் கூடாது. பின்னுக்கு வெங்காய மூட்டை ஏற்றினால் முன்பக்கம் எழும்பி டிம் வெளிச்சமும் ஏறும். பல கார்களில் அதற்கென்று 0 முதல் 3 வரை எழுதிய சிறு சக்கரம் ஒன்று டாஷ்போர்டில் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைத் தொட்டதே இல்லை.

புதன்கிழமை அந்த மேசனின் வீட்டுக்குப் போனேன். முழங்கையில் தையல் போட்டிருக்கிறார்கள். ஹான்டிலை நிமிர்த்தியிருந்தார். பின் மட்கார்ட்டில் ஒட்டுவதற்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கொண்டு போயிருந்தேன், ஒட்டிவிட்டு வந்தேன். "அண்ணை, அந்த வாகனம் நின்றதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

அன்று வந்த வாகனக்காரர் இதை வாசிக்கக்கூடும். இது சின்ன ஊர். உங்கள் பெயரையும் நம்பரையும் நான் குறித்து வைக்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ரிலே ஒன்றும் வயரும் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். வாகனத்தை உள்ளே விடுங்கள், ஒரு மணித்தியால வேலை.