வட்டியைக் குறையுங்கள் என்று கேட்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடனிலிருந்து மீள பத்து வழி சொல்லும் பதிவு இல்லை இது. நானே இன்னும் மீண்டு முடிக்கவில்லை. சொல்ல வந்தது ஒரே விஷயம். ஏற்கெனவே செலவழித்து முடித்து, பாக்கியாக நிற்கிற கிரெடிட் கார்டு கடனுக்கும் வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். சும்மா கேட்பதற்குக் காசு ஒன்றும் செலவாகாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்கத்தான் வாய் வரவில்லை.

செருப்பு வாங்கப் போனால் விலை கேட்டுவிட்டு நாலு அடி நடந்து, கடைக்காரர் கூப்பிடட்டும் என்று காத்திருக்கிற ஆள் நான். அதே நான், வருஷத்துக்கு 36 சதவீதம் என்று ஸ்டேட்மென்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை ஏதோ இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொண்டேன். ஏன்? வெட்கம். கடன் வாங்கியவள் குரலை உயர்த்தலாமா, கட்ட முடியவில்லை என்று நாமே போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள். யார் என்ன நினைப்பார்கள்? அந்தப் பக்கம் இருப்பது ஒரு கம்ப்யூட்டரும், என்னைப் போலவே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பிள்ளையும்தான்.

மாதம் 3 சதவீதம் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. அந்த வட்டியையும் கட்டாமல் விட்டால் அது அசலோடு சேர்ந்து குட்டி போட்டு, 12 மாதத்தில் 42.6 சதவீதம் ஆகிவிடும். சரி, மினிமம் டியூ, அதாவது மாதாமாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை, அதைக் கட்டிக்கொண்டே வருகிறோமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன். 5 சதவீதம் மினிமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் பாக்கியில் முதல் மாதம் கட்டுகிற ஐயாயிரத்துச் சொச்சத்தில் மூவாயிரம் வட்டிக்கே போய்விடும். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும். அதனால் புதிதாக ஒன்றுமே வாங்காமல் மினிமம் மட்டும் கட்டினால், கடன் பாதியாவதற்கே 32 மாதம் ஆகும். பாதியாவதற்கு! இதை ஒரு ராத்திரி நோட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் வெட்கம் கொஞ்சம் கோபமாக மாறியது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. பாக்கி முழுவதையும் கட்டாமல் ஒரு பகுதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவருக்கு, புதிதாக வாங்குவதற்கும், கட்டவேண்டிய கெடு வரைக்கும் வட்டி போடாத அந்தச் சலுகை நாட்கள் பொதுவாகக் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே மீட்டர் ஓடும். கடன் ஒரு பக்கம், தினசரிச் செலவு ஒரு பக்கம் என்று ஒரே கார்டில் இரண்டையும் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முட்டாள்தனம் கிடையாது.

போன் செய்த கதைக்கு வருகிறேன். முதல் தடவை, தொடங்கிய வேகத்தில் முடிந்தது. "மேடம், சிஸ்டத்துல அந்த ஆப்ஷனே இல்ல." நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நன்றி வேறு! இரண்டாம் தடவை கொஞ்சம் அழுகிற குரலில் பேசினேன். அனுதாபமாகக் கேட்டுவிட்டு, டாப்-அப் லோன், அதாவது இருக்கிற கடனுக்கு மேல் இன்னொரு கடன், வேண்டுமா என்றார்கள்.

பிறகு, வங்கி ஒன்றில் கடன் வசூல் பிரிவில் வேலை பார்த்த தோழி ஒருத்தியிடம் புலம்பினேன். அவள் சிரித்தாள். "அக்கா, முதல்ல போன எடுக்கறவங்களுக்கு வட்டியைத் தொட அதிகாரமே கிடையாது. அவங்ககிட்ட அழுது என்ன பிரயோஜனம்? கார்டை மூடப் போறேன், பாக்கியை வேற இடத்துக்கு மாத்தப் போறேன்னு சொல்லுங்க. வேற ஆளுக்கு மாத்திவிடுவாங்க. அவங்ககிட்ட பேசுங்க." அத்தோடு இன்னொன்றும் சொன்னாள். தவணை தவறிய பிறகு கேட்பதைவிடத் தவறுவதற்கு முன்னால் கேட்பது மேல். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிற ஆள் கைநழுவிப் போவதைத்தான் அவர்கள் விரும்ப மாட்டார்கள்.

மூன்றாம் தடவை நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேசினேன். இத்தனை வருஷமாக வாடிக்கையாளர், கடைசி இத்தனை மாதத்தில் ஒரு தவணைகூடத் தாமதமில்லை, இதுவரை வட்டியாக மட்டும் இவ்வளவு கட்டியிருக்கிறேன், மாதம் என்னால் கட்ட முடிந்தது இவ்வளவு, வேறொரு இடத்தில் இந்த வட்டிக்குத் தருகிறோம் என்கிறார்கள், நீங்கள் என்ன தருவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனம்தான் கஷ்டமாக இருந்தது. நாமே ஏதாவது சொல்லி நிரப்பிவிடத் தோன்றும். நிரப்பாதீர்கள்.

கார்டின் வட்டி விகிதத்தைக் குறைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பாக்கி மொத்தத்தையும் 24 மாதத் தவணையாக, மாதம் 1.5 சதவீதத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பாதி வட்டி. இதன் அர்த்தம் என்ன என்பதை ஒரு லட்சத்துக்குச் சொல்கிறேன். மாதம் ஐயாயிரம் கட்டினால் 3 சதவீத வட்டியில் 31 மாதம், மொத்தம் சுமார் 1,55,000. அதே ஐயாயிரத்தை 1.5 சதவீத வட்டியில் கட்டினால் 24 மாதம், மொத்தம் சுமார் 1,20,000. மூன்று போன் கால். முப்பத்தைந்தாயிரம்.

இங்கேதான் ஒரு வாக்குவாதம். வட்டி குறைந்ததும் "அப்பாடா, இனி மாதத் தவணையும் குறையும்" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தவணைக் காலத்தை 48 மாதம் என்று நீட்டிக்கொண்டு, கையில் மிஞ்சியதைச் செலவழித்தால் குறைந்த வட்டி வாங்கியதன் பலனில் பெரும்பகுதி போச்சு. உண்மையிலேயே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் இடிக்கிறது என்றால் நீட்டுங்கள், அதில் தப்பில்லை. மற்றபடி முன்பு கட்டிய அதே தொகையைக் கட்டுங்கள்.

சொல்லும் வட்டி ஃப்ளாட்டா, குறையும் அசலுக்கா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். "வெறும் 12 சதவீதம்" என்று ஒருவர் ஆசை காட்டினார். ஃப்ளாட். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் அசலுக்கே கடைசிவரை வட்டி. 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் உண்மையில் அது சுமார் 21.6 சதவீதம். இதோடு பிராசஸிங் ஃபீ, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, ஒரு தவணை தவறினால் திட்டமே ரத்தாகிப் பழைய வட்டிக்குப் போய்விடுமா, இதெல்லாம் வாயால் சொன்னால் போதாது. மெயிலில் வாங்குங்கள்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டுக்கு மாற்றுவது, அதைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல வழிதான், கணக்குத் தெரிந்தவர்களுக்கு. மூன்று மாதம் வட்டியே இல்லை, 3 சதவீதம் கட்டணம் என்றால், மாதம் சுமார் ஒரு சதவீத வட்டி என்று அர்த்தம். பூஜ்யம் அல்ல. அந்த மூன்று மாதம் முடிந்த மறுநாள் என்ன வட்டி என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குள் அடைக்க முடியாது என்றால் கடன் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோனது, அவ்வளவுதான். அத்தோடு பழைய கார்டு காலியாகிப் பளபளவென்று பர்ஸில் உட்கார்ந்திருக்கும். அதுதான் ஆபத்து.

செட்டில்மென்ட் என்று ஒரு வார்த்தை காதில் விழும். பாதி கட்டினால் போதும் என்பார்கள். அதை வட்டிக் குறைப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கடனை முழுசாகக் கட்டவில்லை என்பது கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது நம் கடன் வரலாற்றுப் பதிவில், ஏறிவிடும், அடுத்த கடன் வாங்கப் போகும்போது முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதவர்களுக்கான கதவு அது. "உங்கள் கார்டு வட்டியைக் குறைத்துத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்று தானாக வரும் அழைப்புகளை வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் இந்த ஏமாற்று பெருகிப்போய், தொலைபேசியில் கடன் நிவாரணம் விற்பவர்கள் வேலையை முடிக்குமுன் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010-ல் விதியே கொண்டுவந்தார்கள். அந்த ஆள் செய்யப்போவதும் நீங்கள் செய்யக்கூடிய அதே போன் கால்தான்.

சட்டம் ஏதும் காப்பாற்றாதா என்றால், நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2009-ல் வந்த கார்டு சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, ஏற்கெனவே உள்ள பாக்கிக்கு வட்டியை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 60 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டால் ஏற்றலாம். ஆனால் அதன்பிறகு ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டினால் பழையபடி இறக்க வேண்டும். பிரிட்டனில் 2018-ல் வந்த விதிகள் எனக்கு இன்னும் பிடிக்கும். 18 மாதத்தில் ஒருவர் அடைத்த அசலைவிட வட்டியும் கட்டணமும் அதிகம் என்றால் நிறுவனமே அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். 36 மாதமும் அப்படியே போனால் வேகமாக அடைக்க வழி செய்து கொடுக்க வேண்டும். அதுவும் முடியாதவருக்கு வட்டியைக் குறைப்பதோ தள்ளுபடி செய்வதோ அந்த உதவிகளில் அடக்கம். இந்தியாவில் நடந்தது நேர் எதிர். 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. நிறுவனமே கூப்பிட வேண்டும் என்ற விதி இல்லாத இடத்தில் நாம்தான் கூப்பிட்டாக வேண்டும்.

"கடனை வாங்கும்போது வட்டி தெரியாதா, கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது என்ன பேரம்?" என்று ஒரு உறவினர் கேட்டார். தெரியும் மாமா, கையெழுத்தும் என்னுடையதுதான். அசலில் ஒரு பைசா குறைக்கச் சொல்லவில்லையே. அதே ஒப்பந்தத்தில்தான் வட்டியை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஏற்றலாம், நான் இறக்கச் சொல்லிக் கேட்கக்கூடக் கூடாதா?

இரண்டாவது கார்டு இன்னும் படியவில்லை. அதில் பாக்கி குறைவு, வட்டி அதிகம். நியாயமாக முதலில் அதைத்தான் பிடித்திருக்க வேண்டும், தோழி அதற்கும் திட்டினாள். இரண்டு தடவை கேட்டாயிற்று, இரண்டு தடவையும் முடியாது என்றுவிட்டார்கள். கையில் மிஞ்சுவதையெல்லாம் இப்போது அதில்தான் போடுகிறேன். பேசிய தேதி, பேசியவர் பெயர், புகார் எண் மூன்றும் நோட்டில் இருக்கிறது. அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும் மறுபடி கூப்பிடுவேன்.