கப்பல் இறங்கும் ஊர்களும் எங்கள் ரத வீதியும்

சொந்தத்தில் ஒரு குடும்பம், என்னோடு பாளையங்கோட்டையில் வேலை பார்த்த ஒரு டீச்சர், அப்புறம் எதிர்வீட்டுத் தங்கச்சி, இப்படி இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மே லீவில் ஐரோப்பா பக்கம் சொகுசுக் கப்பலில் போகிறார்களாம். "யக்கா, இறங்குத ஊர்லல்லாம் கூட்டம் நெரியுதாமே, வயசானவங்களக் கூட்டிட்டு எப்படிச் சமாளிச்சீங்க?" போனில் சொன்னதையே திரும்பச் சொல்வதற்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

நானும் வீட்டுக்காரரும் எங்கம்மாவும், ஜெர்மனியில் இருக்கும் மகள் மருமகனோடு 2024 செப்டம்பரில் ஏழு நாள் போய்வந்தோம். ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி, கிரீஸின் சாண்டோரினி தீவு, மாண்டினீக்ரோவின் கோட்டோர், குரோஷியாவின் டுப்ரோவ்னிக் பார்த்துவிட்டு இத்தாலியில் இறங்கினோம். கப்பலுக்குள் எல்லாம் நன்றாகவே இருந்தது. கஷ்டப்பட்டது கரையில்தான், அதுவும் முதல் ஊரிலேயே.

சாண்டோரினியில் பெரிய கப்பல் கரையோடு கட்டாது. எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் கடல் நிறைந்து கிடக்கிறது, கப்பல் தள்ளி நின்றுகொள்ளும், டெண்டர் என்று சொல்கிற சின்னப் படகில் நம்மைக் கொண்டுபோய் விடுவார்கள். இறங்குகிற இடம் பழைய துறைமுகம். தலைக்கு மேலே சுவர் மாதிரிப் பாறை, அதன் உச்சியில் ஃபீரா என்கிற ஊர். மேலே போக கேபிள் கார், இல்லையென்றால் 588 படி, இல்லையென்றால் கழுதை. போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை, முதல் படகுகளிலேயே போய்விட்டோம். ஆனால் அன்றைக்கு எங்களுடையதையும் சேர்த்து நான்கு கப்பல் நின்றது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நான்கு கப்பல் ஆட்களும் கீழே இறங்குவதற்கு அதே ஒரு கேபிள் காருக்கு வந்து நின்றார்கள். சந்து சந்தாக வளைந்து போகிற வரிசை, நிழல் கிடையாது, இரண்டேகால் மணி நேரம் நின்றோம். அம்மாவுக்கு எழுபத்துநாலு வயது, முட்டி வலி வேறு. கடைசிப் படகு நேரம் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, திருச்செந்தூர் சஷ்டிக்குக்கூட நான் இப்படி நின்னதில்ல" என்றாள். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெரியம்மா, எங்களிடம் எதுவும் விற்காதவர், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அம்மாவை உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். தண்ணீரும் கொடுத்தார். அவர் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றதே நாங்கள்தான்.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி டவுனில், கீழ ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில். ஆனித் தேர் அன்றைக்குத் தேர் நிலைக்கு வருகிற வரை எங்களால் சைக்கிளைக்கூட வெளியே எடுக்க முடியாது. நெல்லையப்பர் நம்ம சாமி, நம்ம தேர், அதனால் சந்தோஷமாகப் பொறுத்துக்கொள்வோம். ஆனால் தினசரி விஷயம் வேறு. சாயங்காலம் இருட்டுக்கடை திறப்பதற்கு முன்னாலேயே வரிசை நின்றுவிடும், கார்கள் வந்துவிடும். ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றால் நாங்கள் நாலு மணிக்கு முன்னால் போய் வந்துவிடுவோம். வருகிறவர்கள் மேல் கோபம் கிடையாது, அல்வா வாங்க வருகிறவர்களை யார் கோபிப்பார்கள். ஆனால் வெளியூர்க்காரர் நேரத்துக்கு ஏற்ப உள்ளூர்க்காரர் தன் நாளை மாற்றிக்கொள்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

சாண்டோரினியில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பதினைந்தாயிரம் பேர் அளவில்தான். நாங்கள் போவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலையில், ஒரே நாளில் சுமார் 11,000 கப்பல் பயணிகள் வருகிறார்கள் என்று சொல்லி, உள்ளூர் மக்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அங்கே ஒரு அறிவிப்பு போட்டிருக்கிறார்கள். மக்கள் கொதித்துப்போனார்கள். கொதிக்கத்தானே செய்வார்கள்? டவுன்காரர்களைப் பார்த்து யாராவது இன்றைக்கு வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

இந்தக் கூட்டம் எப்படி உருவாகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பெரும்பாலான கப்பல்கள் காலை ஏழு எட்டு மணிக்கு வந்து சாயங்காலம் ஐந்து ஆறுக்குக் கிளம்புகின்றன. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு இறங்குகிறார்கள், கப்பல்காரர்களின் டூர் பஸ்களும் அதே நேரம்தான். ஆகப் பத்திலிருந்து இரண்டு மணி வரை ஊர் பிதுங்குகிறது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் மாதிரிக் கப்பலில் நிறைய ஏற்றினால் 7,600 பயணிகள் வரை. அப்படி ஒன்று இறங்கினால் நம் பக்கத்து ஒரு பெரிய கிராமமே இறங்கின கணக்கு.

சாண்டோரினியில் பட்ட பாட்டுக்குப் பிறகு நாங்கள் வேறு மாதிரி முடிவு செய்தோம். கோட்டோரில் கப்பல் பழைய ஊரின் மதில் எதிரிலேயே கட்டியது. ஏழரைக்கெல்லாம் இறங்கிவிட்டோம். மலைமேல் கோட்டைக்குச் சுமார் 1,350 படி, வீட்டுக்காரரும் மகளும் வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கி வந்தார்கள், நானும் அம்மாவும் சதுக்கத்தில் காபி வாங்கிக்கொண்டு மணியோசை கேட்டபடி உட்கார்ந்திருந்தோம். ஊர்க்காரர்கள் காய்கறிப் பையோடு போனார்கள், ஒருத்தர் பூனைகளுக்குச் சோறு வைத்தார். பத்தரைக்குக் கொடி பிடித்த டூர் கூட்டங்கள் வாசலில் நுழையும்போது நாங்கள் வெளியே வந்துகொண்டிருந்தோம். சாரல் சீசனில் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போகிறவர்கள் விடியக்காலம் அருவிக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத் தென்காசி பஸ் ஏறிவிடுவதில்லையா, அதே கணக்கு.

டுப்ரோவ்னிக்கில் நேர்மாறாகச் செய்தோம். அன்றைக்குக் கப்பல் இரவு ஒன்பது வரை நின்றது. காலையில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு கப்பலே எங்களுக்குத்தான். அம்மா நீச்சல் குளத்துப் பக்கம் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். மூன்று மணிக்கு மேல் கிளம்பினோம், துறைமுகத்திலிருந்து பழைய நகரம் மூன்று கிலோமீட்டர். மதில் மேல் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் சுற்று, நானும் மகளும் ஆற அமர நடந்தோம். மேலேயிருந்து பார்த்தால் முற்றங்களில் துணி காய்கிறது, யாரோ செடிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். மதிலுக்குள் 1991இல் 5,000 பேர் இருந்தார்களாம், இப்போது சுமார் 1,500. வீடுகள் வாடகை அறைகளாகிவிட்டால் மளிகைக் கடைக்கு அந்தத் தெருவில் என்ன வேலை. அதைக் கேட்டதும் எனக்கு மனசு கனத்துப்போனது.

அதனால்தான், துறைமுக ஊர்கள் வரம்பு வைப்பது நியாயம் என்று உறுதியாகச் சொல்கிறேன். டுப்ரோவ்னிக் 2019 முதல் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், நாலாயிரம் பயணிகள் என்று கட்டுப்படுத்தியது. வெனிஸ் 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை ஊர் நடுவில் இருக்கும் சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னால் வரவிடுவதில்லை. அலாஸ்காவின் ஜூனோ 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பலோடு நிறுத்திக்கொண்டது. சாண்டோரினியும் 2025 முதல் நாளுக்கு 8,000 பயணிகள் என்று வைத்துவிட்டது, அதே ஆண்டு ஜூலையிலிருந்து சீசன் மாதங்களில் தலைக்கு 20 யூரோ கட்டணமும் வந்தது. டிக்கெட் காசும் வாங்கிக்கொண்டு இது வேறயா என்று நம்மவர்கள் கோபப்படுகிறார்கள். நான் மனதாரக் கொடுப்பேன். சாப்பாடு, படுக்கை எல்லாம் கப்பலில் முடிந்துவிடுகிறது, ஊருக்கு நாம் விடுவது ஒரு காபி காசு, ஆனால் அவர்கள் ரோட்டையும் தண்ணீரையும் கழிப்பறையையும் பயன்படுத்துகிறோம்.

போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். டிக்கெட் போடும் முன்பே எந்த ஊரில் எந்த நாள் எத்தனை கப்பல் என்று இணையத்தில் பாருங்கள், துறைமுக அட்டவணைகள் பல மாதம் முன்னாலேயே கிடைக்கும். ஒரு வாரம் தள்ளிப் போட்டாலே நான்கு கப்பல் இரண்டாகிவிடலாம். பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் டெண்டர் ஊர் எது, கப்பல் கரையில் கட்டும் ஊர் எது என்பதை முதலில் கேளுங்கள், எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ரோம் என்று போட்டிருந்தால் அது சிவிட்டவெக்கியா, ரோமுக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர் இருக்கிறது. கப்பல்காரர் டூரில் போனால் தாமதமானாலும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், தனியாகப் போனால் காத்திருக்க மாட்டார்கள், ஆகவே கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் துறைமுகத்தில் இருங்கள். கைபேசி நேரத்தை நம்பாதீர்கள், கப்பல் நேரத்துக்கு ஒரு கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் போகிற இடத்துக்கே போகவேண்டும் என்றும் இல்லை. 2018 அக்டோபர் தாமிரபரணி புஷ்கரத்தில் ஜனம் அலைமோதியபோது, அம்மா சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு சின்னப் படித்துறையில் நிம்மதியாக முங்கி எழுந்தாள். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆறு ஒன்றுதானே. சாண்டோரினியிலும் எல்லாரும் ஓயா என்கிற ஊருக்கே ஓடுகிறார்கள், பிர்கோஸ் மாதிரி உள்கிராமங்களுக்குப் போயிருந்தால் அம்மாவுக்கு உட்காரத் திண்ணை கிடைத்திருக்கும்.

மூன்று பேரில் எதிர்வீட்டுத் தங்கச்சி பயணத் திட்டத்தை நேற்று அனுப்பியிருந்தாள். அதில் இரண்டு ஊரில் அவள் போகிற நாள் நான்கு கப்பல். தேதி மாற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். வேறு யாராவது போவதாக இருந்தால் தேதியும் ஊர்ப் பெயரும் இன்பாக்ஸில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.