கேரம் ஆடப் போன பிள்ளைகள்

எங்கள் ஸ்டேஷன்காரர்கள் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து எடுத்து, தங்கள் முகநூல் பக்கத்தில் போட்ட படத்தையும் அதன் கீழே மூன்று நாளாக நடக்கிற சண்டையையும் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் மறுபடி இங்கே அதைப் போடப் போவதில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளின் முகம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சுற்றிவிட்டது.

என் வயிற்றெரிச்சல் படத்தைவிட அதன் மேலே இருந்த வரியின் மேல்தான். "குற்றவாளிகளாக மாறும் அபாயத்தில் உள்ள சிறுவர்களை மீட்டெடுக்கும் முயற்சி." கூடவே எங்கள் பகுதியின் பெயர், தெருவின் பெயர். நாலு பேர் சத்தம் போட்டதும் மறுநாள் திருத்தினார்கள். "மீட்டெடுக்கும்" போய் "நல்வழிப்படுத்தும்" வந்திருக்கிறது. அபாயம் அப்படியேதான் இருக்கிறது. தெருப் பெயரும் இருக்கிறது.

எதிலிருந்து மீட்டார்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகள் போலீஸ் நடத்துகிற காவல் சிறார் மன்றத்துக்குக் கேரம் ஆடப் போனவர்கள். சாயந்திரம் டியூஷன், அது முடிந்தால் ஒரு மணி நேரம் போர்டு கிடைக்கும், சில நாள் சுண்டல் கிடைக்கும். அதற்காகப் போனார்கள். புது ஜெர்சி தருகிறோம் வரிசையில் நில் என்றதும் நின்றார்கள். சிரிக்கச் சொன்னதும் சிரித்தார்கள். தலைக்கு மேலே என்ன எழுதப் போகிறார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே போய்ப் பாருங்கள். போன மாதம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்கள். அங்கேயும் பிள்ளைகள், அதே இன்ஸ்பெக்டர், அதே பிஸ்கட் பாக்கெட். தலைப்பு மட்டும் "நாளைய தலைவர்களுடன் ஒரு மாலை". படம் பின்னாலிருந்து எடுத்தது, ஒரு பிள்ளை முகமும் தெரியவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள், இவர்களும் மரியாதையாகக் கேட்டிருப்பார்கள். அந்த இடத்துக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரு கால்வாய். இந்தக் கரையில் அபாயம், அந்தக் கரையில் தலைவர்கள்.

"நல்லது செய்தாலும் குறை சொல்கிற கூட்டம்" என்று வருவீர்கள். வந்தாயிற்று, இன்பாக்ஸில் ஏழு பேர். நான் போலீஸ் விரோதியாம். அவர்களுக்காக ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1997 என்று நினைக்கிறேன். எங்கள் தெரு முனையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில் மன்றம் இருந்தது. எங்களுக்கு அது பாய்ஸ் கிளப். பெயருக்கேற்றபடி பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. (இப்போது சிறுமியரும் உண்டு. சந்தோஷம்.) தம்பி உள்ளே ஆடுவான், நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பேன். ஏட்டு ஐயா ஒருவர் பொறுப்பில் இருந்தார். ஸ்டேஷனிலிருந்து நேராக வந்தாலும் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். காக்கிச் சட்டையோடு அந்த அறைக்குள் அவரை நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் என்னைப் பார்த்து, "ஏம்மா, எத்தினி நாளைக்கு ஜன்னல்லயே நிப்ப? போர்டுல பவுடர் கம்மியா கீது, வந்து போடு" என்றார். பவுடர் போடப் போனவள்தான். ஆறே மாதத்தில் தெருவில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. தம்பி இதை மறுப்பான், அவன் கமெண்டை யாரும் நம்ப வேண்டாம்.

அந்த மனுஷன் ஒரு தடவைகூட எங்களிடம் "கெட்டுப் போயிடாதீங்க" என்று சொன்னதில்லை. ஃபைன் விழுந்தால் போட்ட காயை எடுத்து வை, ரெட் போட்டால் ஃபாலோ போடு, தோற்றவன் போர்டைத் துடை. அவர் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. பரீட்சை நேரத்தில் அவரே வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இவன இன்னும் பத்து நாளைக்கு கிளப்புக்கு அனுப்பாதீங்க" என்பார். பிள்ளை வராவிட்டால் கணக்குக் குறையுமே என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அப்போது செல்போன் கேமராவும் இல்லை.

அதனால், மன்றம் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தயவுசெய்து சொன்னதாக ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள். மன்றம் வேண்டும், அந்த வரி வேண்டாம். அந்தப் பிள்ளைகள் கேரம் ஆடப் போனவர்கள்.

ஒரு வக்கீல் நண்பர் சட்டம் பேசினார். சரி, பேசுவோம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் மூன்றாவது பிரிவில் 16 கொள்கைகளை வரிசையாக வைத்திருக்கிறது. முதலாவது, பதினெட்டு வயது வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் குற்ற எண்ணம் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்பது. எட்டாவது, வார்த்தை பற்றியது. பிள்ளைகள் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றம் சாட்டுகிற தொனியுள்ள சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வார்த்தைதானே, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்கிறவர்கள் அந்த எட்டாவதை ஒருமுறை படிக்கலாம். அதே சட்டத்தின் 107-ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அந்த வரியைப் பதிவேற்றும் முன் அவரிடம் காட்டியிருந்தால்கூடப் போதும். பிள்ளைகளிடம் பேசும்போது சீருடை வேண்டாம் என்று சட்டத்தின் கீழ் வந்த 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. எங்கள் ஏட்டு ஐயா இருபது வருஷம் முன்னாலேயே சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு யார் விதி எழுதிக் கொடுத்தார்கள்?

"அந்தச் சட்டம் வழக்கில் சிக்கிய பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும்தான், இவர்களுக்குப் பொருந்தாது" என்றார் நண்பர். அதைத்தான் ஐயா நானும் சொல்கிறேன். நிஜமாகவே திருடி மாட்டிய பையனின் முகத்தைப் பத்திரிகையில் போட்டால் 74-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கேரம் ஆடின பையனின் முகத்தைப் போட்டால் நானூறு லைக். எங்கள் பிள்ளைகள் குற்றம் எதுவும் செய்யாததுதான் பிழையாகப் போயிற்று.

"நீங்களே உங்கள் பிள்ளை படத்தைப் போடுகிறீர்களே" என்று ஒருவர். போடுகிறேன். "வருங்கால ரவுடி" என்று எழுதிப் போடுவதில்லை. அடுத்தது.

"அந்த ஏரியாவில் கஞ்சா இல்லையா?" இந்தக் கேள்விக்கு மட்டும் இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். இருக்கிறது. உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், நான் அந்தத் தெருவில் பிறந்தவள். என்னோடு அஞ்சாவது படித்தவன் ஒருவனைக் கண் முன்னே இழந்தவள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் யார் எங்கே நிற்கிறான் என்று தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்களுக்குக்கூடத் தெரியும். விற்கிறவனின் ஊரும் பேரும் முகமும் அந்தப் பக்கத்தில் இதுவரை நான் பார்த்ததில்லை. வாங்கிவிடுவானோ என்று சந்தேகப்படுகிற பிள்ளையின் முகம்தான் இருக்கிறது.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த எஸ்.ஐ. ஒருவர் போன் செய்து வருத்தப்பட்டார். "மேலதிகாரிங்க குரூப்ல போட்டோ போடலேன்னா நிகழ்ச்சியே நடக்கலேன்னு அர்த்தம்மா. பந்தோபஸ்து, கோர்ட்டு, சம்மன் எல்லாத்துக்கும் நடுவுலதான் இதையும் பண்றோம். எழுதினது டைப் அடிக்கிற பையன், யோசிச்சு எழுதல." நம்புகிறேன். அவர்களுடைய வேலை நேரம் எனக்குத் தெரியும். ஆனால் யோசிக்காமல் எழுதும்போது அபாயம் என்ற வார்த்தை தானாக வந்து விழுகிறதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் குடியிருப்புக்கு எழுதும்போது யோசிக்காமலேயே தலைவர்கள் வந்து விழுந்திருக்கிறார்கள்.

அரசாங்கத்துக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது என்றும் இல்லை. 2022-இல் சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காவல்துறையின் சிற்பி திட்டம் ஆரம்பித்தார்கள். 100 பள்ளிகள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பள்ளிக்கு 50 பேர். பொறுப்புள்ள மாணவர்களை உருவாக்குவதாகச் சொன்னார்கள். கேரளத்தில் 2010-இலிருந்து மாணவர் போலீஸ் படை இருக்கிறது, அங்கேயும் பிள்ளைகள் விறைப்பாக நடந்து போகிறார்கள். அணிவகுப்பில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் காலையில் பள்ளியில் பொறுப்புள்ள மாணவனாக இருக்கிற பிள்ளை சாயந்திரம் நாலு தெரு தள்ளி மன்றத்துக்கு வந்ததும் குற்றவாளி ஆகக்கூடியவன் ஆகிவிடுவானா? நடுவில் என்ன ஆயிற்று, வீட்டுக்குப் போய் டீ குடித்தான், அவ்வளவுதான்.

காவல்துறை உங்கள் நண்பன் என்று பலகை வைக்கிறார்கள். நண்பன் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருக்கிறது. 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்த, போலீஸுக்கு உதவும் தன்னார்வலர்களின் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ், 2020-இல் சாத்தான்குளம் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் காவலில் செத்த பிறகு, அதன் பேரும் அடிபட்டு எப்படித் தடை செய்யப்பட்டது என்று நினைவிருக்கும். அப்போதும் இப்படித்தான் சொன்னார்கள், ஒருவரிருவர் செய்ததற்கு எல்லோரையும் சொல்லாதே என்று. சரி, சொல்லவில்லை. நீங்களும் ஒருவரிருவர் செய்ததற்கு ஒரு தெருவையே சொல்லாதீர்கள்.

தம்பி கதைக்கு வருகிறேன். அவனுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறான். ஒரு நாள் இரவு வேலை முடித்து வரும்போது வாகனச் சோதனை. லைசென்ஸ் காட்டினான், ஆர்.சி. காட்டினான். எந்த ஏரியா என்றார்கள், சொன்னான். "வண்டிய ஓரம் கட்டு." செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு போட்டோ. 2021-இலிருந்து இவர்களிடம் முகத்தை வைத்துப் பழைய குற்றவாளியா என்று பார்க்கிற செயலி இருக்கிறதல்லவா, அதற்குத்தான். ஒன்றும் வரவில்லை, போ என்றார்கள். அவனுக்கு முன்னால் நின்ற காரில் யாரையும் போட்டோ எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "அக்கா, கிளப்ல கோப்பை வாங்கினப்பவும் ஒரு போலீஸ்காரர்தான் போட்டோ எடுத்தாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கதை இன்னும் சின்னது. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தவர் பழைய முகவரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் புத்தக அலமாரியைப் பார்த்தார். "அங்கயா இருந்தீங்க? பாத்தா தெரியலையே மேடம்" என்றார். பாராட்டித்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இப்போதும் காபி போடும்போது ஞாபகம் வரும்.

நம் தாத்தா காலத்தில் ரேகைச் சட்டம் (குற்றப் பரம்பரைச் சட்டம்) என்று ஒன்று இருந்தது. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து, பிற்பாடு சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. இன்ன கூட்டத்தில் பிறந்தவன் திருடாவிட்டாலும் ஸ்டேஷனில் போய் ரேகை வைக்க வேண்டும். அதற்கும் சீர்திருத்தம் என்றுதான் பெயர் சொன்னார்கள், அதற்கும் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1947-இல் இங்கே அந்தச் சட்டம் போயிற்று. "ஒரு முகநூல் படத்துக்கு ரேகைச் சட்டமா, ஓவர்" என்று சொல்லுங்கள், சொல்லிக்கொள்ளுங்கள். பிறந்த இடத்தை வைத்துப் பிள்ளையை எடை போடுகிறவனுக்கு அது ஓவராகத்தான் தெரியும்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து காசிமா 2024-இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பை கேரத்தில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்கு முன்னால் மரிய இருதயம் இரண்டு தடவை உலகச் சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர். சென்னையில் சின்னச் சின்னத் தெருக்களில் பிள்ளைகள் கேரம் ஆடுவது எதிலிருந்தோ தப்பிக்க என்று யார் சொன்னது? நன்றாக ஆட வருகிறது, ஆடுகிறார்கள்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். "பாராட்டித்தானே மேடம் போட்டிருக்கோம்" என்றார்கள். எழுதித் தாருங்கள், பார்க்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். படத்தை எடுக்க வேண்டும், தெருப் பெயரை எடுக்க வேண்டும், இரண்டே வரி. இந்தப் பதிவைப் போடும்வரை இரண்டும் இருக்கின்றன.

ராத்திரி, படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கிற பையனின் அம்மா பேசினாள். வேலை பார்க்கிற வீட்டில் போனை நீட்டி, "இது உன் பையன்தானே, என்ன செஞ்சான்?" என்று கேட்டார்களாம். "கேரம் ஆடினான்னு சொன்னேங்க்கா. நம்பல. சும்மா சிரிக்கிறாங்க. இனிமே அவன கிளப்புக்கு அனுப்பட்டுமா, வேணாமா?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் அனுப்பு என்றுதான் சொன்னேன். யாராவது படம் எடுக்க வந்தால் திரும்பி நின்றுகொள்ளச் சொல் என்றேன். சனிக்கிழமை அவனுக்கு அரையிறுதியாம். நானும் போகிறேன்.